சீனி 94 சரி, அதைப் பிடித்துவைக்க எவ்வளவு இன்சுலின்? வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனையிலிருந்து இன்சுலின் உணர்திறனைக் கணிக்க முழுமையான வழிகாட்டி

ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "சீனி எவ்வளவு, மகள்?" "94 மாமா, நோர்மல்தான்" என்று சொன்னால் முகம் தெளிந்துவிடும். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். அதே தாளின் இரண்டாம் பக்கத்தில் கொழுப்புப் பரிசோதனை முடிவு இருக்கும். அதை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை.

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் பல வருடங்களாக இரத்தம் எடுக்கிறேன். அந்த 94 எனக்கு அவ்வளவு நிம்மதி தருவதில்லை. ஏனென்று சொல்கிறேன்.

காது நன்றாகக் கேட்கிற ஒருவரை மெல்லக் கூப்பிட்டால் வருவார். காது மந்தமானவரைக் கத்திக் கூப்பிட வேண்டும். இரண்டு பேரும் வந்து சேர்ந்துவிடுவார்கள், ஆனால் கத்துகிறவருக்குத் தொண்டை கட்டும். சதையி (கணையம்) சுரக்கும் இன்சுலின்தான் அந்தக் குரல். ஈரல், தசை, கொழுப்புக் கலங்கள்தான் காது. காது கூர்மையாக இருப்பதை இன்சுலின் உணர்திறன் என்கிறோம். அது மந்தமாவதே இன்சுலின் எதிர்ப்பு. சீனியை 94 இல் பிடித்துவைக்க ஒருவருடைய சதையி 5 அலகு இன்சுலின் சுரந்தால் போதும், இன்னொருவருடையது 19 அலகு சுரக்க வேண்டியிருக்கும். தாளில் இரண்டுமே 94தான். பல வருடம் கத்திய குரல் அடைக்கத் தொடங்கும்போதுதான் சீனி 110, 130 என்று ஏறும்.

என் அம்மாவின் பழைய ஃபைலில் அடுத்தடுத்து மூன்று தாள்கள் இருக்கின்றன. வெறும் வயிற்றுச் சீனி 96, 97, 99. இரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைட் 170, 190, 230. நான்காவது தாளில் சீனி 141. முதல் மூன்று தாளிலும் சீனிக்குப் பக்கத்தில் பேனையால் சரி போட்டது நான்தான். ட்ரைகிளிசரைட் ஏறிக்கொண்டே போனதைக் கண்டேன், இரண்டையும் சேர்த்து வாசிக்கத்தான் அப்போது எனக்குத் தெரியவில்லை. இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

யார் இந்தக் கணக்கைப் போடக்கூடாது

சீனி, கொழுப்பு, இன்சுலின் எண்களைச் சேர்த்து உணர்திறனைக் கணிக்கும் சில கணக்குகள் கீழே வருகின்றன. அவை யாருக்குப் பொருந்தாது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கர்ப்பிணிகள் வேண்டாம். கர்ப்ப காலத்தில் இன்சுலின் எதிர்ப்பு இயல்பாகவே கூடும், அவர்களுக்குப் பரிசோதனையும் அளவுகளும் வேறு. இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் வேண்டாம். ஊசியால் உள்ளே போன இன்சுலினும் அளவீட்டைக் குழப்பும். கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், டோல்பியூட்டமைட் போன்ற குளிசைகள் சதையியை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பவை, அவற்றை எடுப்பவர்களுக்கும் இந்த எண்கள் சரியாகப் பேசாது. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டெரொய்ட் மருந்து எடுக்கும் காலமும், காய்ச்சலில் கிடந்து எழும்பிய அடுத்த இரண்டு மூன்று வாரமும் அப்படித்தான்.

வெறும் வயிற்றுச் சீனி 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் கல்குலேட்டரை மூடி வைத்துவிட்டு டொக்டரிடம் போங்கள். அது நீரிழிவின் எல்லை. இன்னொரு நாள் மீண்டும் பார்த்து உறுதிப்படுத்த வேண்டிய விஷயம் அது. இந்தக் கணக்கு அதற்கு முந்திய கட்டத்துக்கானது.

முதல் படி: முதல் நாள் இரவு

கணக்குச் சூத்திரத்தை எந்தப் பிள்ளையும் ஐந்து நிமிடத்தில் போட்டுத் தரும். பிழைக்கிற இடம் இரவுச் சாப்பாடும் காலைப் பொழுதும்தான்.

இரவு 8 மணிக்குள் வழக்கமான சாப்பாட்டை முடித்துவிடுங்கள். "நாளைக்கு டெஸ்ட்" என்று அன்றைக்கு மட்டும் சோற்றைக் குறைத்து கீரையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். வழக்கமாகப் பிட்டும் மீன்குழம்பும் சாப்பிடுகிறவர் அதையே சாப்பிடட்டும், ஏனென்றால் நாம் அறிய விரும்புவது வழக்கமான உடம்பை. கலியாண வீட்டு புரியாணியை இரவு 11 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை 7 மணிக்கு வந்து நிற்பதும் சரிவராது, ட்ரைகிளிசரைட் அப்போது இறங்கியிருக்காது. 10 முதல் 12 மணித்தியாலம் வெறும் வயிறு என்பதே நல்ல கணக்கு. 14ஐத் தாண்ட வேண்டாம். முதல் நாள் மது எடுத்தால் ட்ரைகிளிசரைட் ஏறும், இரண்டு மூன்று நாள் விட்டுத்தான் பரிசோதிக்க வேண்டும்.

முதல் நாள் முழுக்க வயல் வெட்டியவர், நீண்ட தூரம் சைக்கிள் ஓடியவர் என்றால் அடுத்த நாள் உணர்திறன் கொஞ்சம் கூடித் தெரியும். தூக்கமில்லாத இரவு அதைக் குறைக்கும். அதனால் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குக் கண்விழித்த வாரத்தில் இந்தப் பரிசோதனை வேண்டாம். நோன்பு மாதத்திலும் வேண்டாம். சஹரும் இப்தாரும் சாப்பாட்டு நேரத்தையும் தூக்கத்தையும் தலைகீழாக்கியிருக்கும். பெருநாள் முடிந்து இரண்டு மூன்று வாரம் போகட்டும்.

காலையில் வெறும் தண்ணீர் மட்டும் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும், நரம்பு தெரிவதற்கு உதவும். சீனி போடாத பிளேன்டீ கூட வேண்டாம்.

வெற்றிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஆரையம்பதிப் பக்கமிருந்து வந்த ஒரு பெத்தா, பத்து மணித்தியாலம் ஒன்றும் வாயில் வைக்கவில்லை என்று சத்தியம் பண்ணினார். கையை நீட்டும்போது பார்த்தேன், விரல் நுனியில் சுண்ணாம்பு. "அது சாப்பாடு இல்லையே மனே, வெத்தில தானே" என்றார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் வெற்றிலையோடு போகும் புகையிலையின் நிக்கோட்டின் உடம்பின் ஹோர்மோன்களைக் கிளறிவிடும், அது சீனியைத் தொடும். சிகரெட், பீடிக்கும் இதே விதி. வீட்டில் முதியவர்களை அழைத்து வருகிறவர்கள் "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்காமல் "வெத்தில போட்டீங்களா?" என்றும் கேளுங்கள்.

பிரஷர் குளிசையைத் தண்ணீரோடு வழக்கம்போல் எடுக்கலாம். மெட்ஃபோமின் போன்றவற்றை உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்த டொக்டரிடம் கேளுங்கள். முடி உதிர்வதற்கென்று பயோட்டின் கூடிய விற்றமின் எடுக்கிற பிள்ளைகள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில இயந்திரங்களில் பயோட்டின் இன்சுலின் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

இரண்டாம் படி: ஊசி ஏறும் நேரம்

இது நான் நிற்கிற இடம். இங்கே நீங்களும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சீனிக்கான இரத்தம் சாம்பல் நிற மூடி போட்ட டியூபில் போக வேண்டும். அதற்குள் சோடியம் ஃபுளோரைட் இருக்கும். சாதாரண டியூபில் விட்டால், உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் இரத்தக் கலங்கள் உயிரோடிருந்து சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 வீதம் வரை குறையும். மூன்று மணித்தியாலம் மேசையில் கிடந்தால் 100 ஆக இருந்த சீனி 85க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எங்கள் ஊர் வெயிலில் கூரைத்தகட்டுக்குக் கீழே வைத்தால் கேட்கவே வேண்டாம். ஃபுளோரைட் போட்டாலும் உடனே முழுதாக நின்றுவிடாது, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அதனால் டியூபைச் சீக்கிரம் சுழற்றிப் பிரிப்பதே நல்லது.

இன்சுலினுக்கு வேறு டியூப். உறைந்ததும் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தைப் பிரித்து குளிரில் வைக்க வேண்டும். ஊசி போடும்போது நரம்பு கிடைக்காமல் இழுத்து இரத்தக் கலங்கள் உடைந்துவிட்டால் சீரம் சிவந்துபோகும். சிவப்புக் கலங்களுக்குள் இன்சுலினைச் சிதைக்கிற நொதியம் இருக்கிறது, அது வெளியே வந்தால் இன்சுலின் குறைவாகத்தான் காட்டும். சீரம் சிவந்திருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எங்கள் பக்கத்துச் சிறு ஆய்வுகூடங்கள் பலவற்றில் இன்சுலின் செய்வதில்லை, மாதிரியைக் கொழும்புக்கு அனுப்புவார்கள். அனுப்பும் இடம் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிக்குப் பிரிப்பீர்கள், ஐஸில் போகுமா? பதில் தடுமாறினால் இன்சுலினுக்குக் காசு கொடுக்க வேண்டாம். கீழே வரும் முதல் இரண்டு கணக்குகளுக்கும் இன்சுலின் தேவையே இல்லை.

மூன்றாம் படி: அலகைப் பாருங்கள்

ஒரு ஆய்வுகூடம் மில்லிகிராம்/டெசிலீற்றரில் தரும், இன்னொன்று மில்லிமோல்/லீற்றரில் தரும். மில்லிமோலை மில்லிகிராமாக்க, சீனியை 18 ஆல் பெருக்குங்கள், ட்ரைகிளிசரைட்டை 88.6 ஆல், நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்.டி.எல்லை 38.7 ஆல். இன்சுலின் பிகோமோலில் இருந்தால் 6 ஆல் வகுத்தால் மைக்ரோ அலகு/மில்லிலீற்றர் வரும். தாளில் மில்லி அலகு/லீற்றர் என்றிருந்தால் அதுவும் இதுவும் ஒன்றுதான், மாற்ற வேண்டியதில்லை. எல்லாவற்றையும் மில்லிகிராமில் எழுதிக்கொண்ட பிறகே கீழே வாருங்கள்.

கணக்குக் காட்டுவதற்காக இரண்டு தாள்களை வைத்துக்கொள்வோம். இருவரும் மச்சான்மார், ஒருவர் படுவான்கரையில் வயல் செய்கிறார், மற்றவர் கல்முனையில் கதிரையில் இருந்து வேலை பார்க்கிறார்.

வயல்காரர்: சீனி 94, ட்ரைகிளிசரைட் 82, எச்.டி.எல் 54, இன்சுலின் 5.
கதிரைக்காரர்: சீனி 94, ட்ரைகிளிசரைட் 188, எச்.டி.எல் 38, இன்சுலின் 19.

நான்காம் படி: ட்ரைகிளிசரைட்டை எச்.டி.எல்லால் வகுத்தல்

எல்லாவற்றிலும் சுலபமானது இதுதான்.

வயல்காரர்: 82 ÷ 54 = 1.5
கதிரைக்காரர்: 188 ÷ 38 = 4.9

கொழுப்பு எண்ணுக்கும் இன்சுலினுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இன்சுலினுக்குக் காது மந்தமான கொழுப்புக் கலங்கள், இரவில் கொழுப்பமிலத்தைப் பூட்டிவைக்காமல் இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அது ஈரலுக்குப் போகும். ஈரல் அதை ட்ரைகிளிசரைட்டாகக் கட்டி மீண்டும் இரத்தத்தில் அனுப்பும். அப்படி ட்ரைகிளிசரைட் நிறைந்த துகள்கள் கூடும்போது, அவை எச்.டி.எல்லோடு கொழுப்பைக் கைமாற்றிக்கொள்ளும், அப்படி மாறிய எச்.டி.எல் சீக்கிரம் உடம்பிலிருந்து கழிந்துபோகும். ஆகவே ஒன்று ஏற மற்றது இறங்குகிறது. இரண்டையும் வகுத்தால் அந்த இழுபறி ஒரே எண்ணில் தெரிகிறது.

2003 இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எடை கூடிய ஆட்களிடம் பார்த்தபோது, இந்த விகிதம் 3ஐத் தாண்டியவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு இருக்கும் வாய்ப்பு கூட என்று கண்டார்கள். எங்களைப் போன்ற தெற்காசியர்களுக்கு எச்.டி.எல் பொதுவாகவே குறைவு, ட்ரைகிளிசரைட் கூட. அதனால் 3 என்பதைச் சுவர் மாதிரி நினைக்காமல், 2க்குக் கீழ் நிம்மதி, 3க்கு மேல் கவனம், இடையில் இருந்தால் அடுத்த கணக்கையும் பார் என்று நான் வைத்துக்கொள்கிறேன். அட்டோர்வாஸ்டற்றின், ஃபீனோஃபைப்ரேட் போன்ற கொழுப்புக் குளிசை எடுப்பவர்களுக்கு இந்த எண் மருந்தால் மாறியிருக்கும்.

ஐந்தாம் படி: ட்ரைகிளிசரைட்–குளுக்கோஸ் சுட்டி

மெக்சிகோ ஆய்வாளர்கள் 2008 இல் கொண்டுவந்தது. இன்சுலின் பரிசோதனைக்குக் காசில்லாத இடங்களுக்கு ஏற்றது என்பதால் எனக்கு இதில் தனி மதிப்பு உண்டு.

சூத்திரம்: (ட்ரைகிளிசரைட் × சீனி ÷ 2), பிறகு அதன் இயற்கை மடக்கை.

மடக்கை என்றவுடன் பயப்பட வேண்டாம். கைபேசியில் கல்குலேட்டரைத் திறந்து, போனைப் படுக்கையாகத் திருப்புங்கள். புதிய பொத்தான்கள் வரும், அதில் "எல்-என்" என்று இரண்டு சிறிய ஆங்கில எழுத்து இருக்கும். அதுதான். பக்கத்தில் "லொக்" என்று இன்னொன்று இருக்கும், இந்தக் கணக்குக்கு அது வேண்டாம்.

கதிரைக்காரர்: 188 × 94 = 17672. இரண்டால் வகுத்தால் 8836. எல்-என் அழுத்தினால் 9.09.
வயல்காரர்: 82 × 94 = 7708. பாதி 3854. எல்-என் 8.26.

வித்தியாசம் ஒரு புள்ளிகூட இல்லையே என்று தோன்றும். மடக்கை அளவில் 0.8 என்பது பெரிய இடைவெளி. பல ஆய்வுகளில் எல்லைக்கோடு 8.5க்கும் 9க்கும் இடையில் எங்கோ விழுகிறது. 8.5க்குக் கீழ் பொதுவாக நல்லது. 9ஐத் தொட்டால் மற்ற அடையாளங்களையும் தேட வேண்டும்.

ஒரு குழப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். சில கட்டுரைகளில் 4.6, 4.7 என்று எல்லை போட்டிருப்பார்கள். அங்கே முதலில் மடக்கை எடுத்து, கடைசியில் இரண்டால் வகுத்திருப்பார்கள். அந்த முறையில் கதிரைக்காரருக்கு 4.89 வரும். இரண்டு முறையின் எண்களையும் ஒப்பிட்டுவிட்டு "எனக்கு 9, எல்லை 4.7, செத்தேன்" என்று ஒரு தம்பி இரவு பத்து மணிக்கு எனக்குப் போன் எடுத்திருக்கிறார். எந்தச் சூத்திரமோ அதற்குரிய எல்லையோடு மட்டும் பாருங்கள்.

என் அம்மாவின் மூன்று தாளுக்கும் இதைப் போட்டுப் பார்த்தேன். 9.0, 9.1, 9.3. சீனி மூன்று எண் மட்டுமே நகர்ந்த காலத்தில் இது ஏணி ஏறியிருக்கிறது.

ஆறாம் படி: ஹோமா

சீனியையும் இன்சுலினையும் சேர்த்து எதிர்ப்பைக் கணிக்கும் சுட்டிதான் ஹோமா. இன்சுலின் முடிவும் கையில் இருந்தால் இது. 1985 இல் ஒக்ஸ்ஃபோர்ட்டில் டேவிட் மத்தியூஸ், ரொபர்ட் டர்னர் முதலானோர் வெளியிட்டது. இன்றும் அதிகம் பயன்படுவது இதுதான்.

சூத்திரம்: சீனி (மில்லிகிராம்) × இன்சுலின் ÷ 405. சீனி மில்லிமோலில் இருந்தால் 405க்குப் பதில் 22.5.

அந்த 22.5 வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை. ஆரோக்கியமான இளம் ஆளின் வெறும் வயிற்றுச் சீனி 4.5 மில்லிமோல், இன்சுலின் 5 அலகு என்று எடுத்தார்கள். 4.5 × 5 = 22.5. அதை 18 ஆல் பெருக்கினால் 405. ஆக, ஹோமா 1 என்றால் அந்த இளம் ஆளின் அளவு. 4 என்றால் அதே வேலைக்கு உங்கள் உடம்பு ஏறத்தாழ நாலு மடங்கு கத்துகிறது என்று வாசிக்கலாம்.

வயல்காரர்: 94 × 5 ÷ 405 = 1.16
கதிரைக்காரர்: 94 × 19 ÷ 405 = 4.41

சீனி ஒன்று, உழைப்பு நாலு மடங்கு. இந்த இரண்டு வரியைத்தான் நான் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களுக்குத் தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டுவது.

எல்லை எங்கே? உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட ஒரு எண் இல்லை. 2 முதல் 2.5க்கு மேல் போனால் எதிர்ப்பு என்று பலர் எடுக்கிறார்கள். இன்சுலினை அளக்கும் இயந்திரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை, ஒரே இரத்தத்துக்கு ஒன்று 14 என்றும் இன்னொன்று 18 என்றும் சொல்லலாம். அதற்கு மேல், சதையி இன்சுலினைச் சீராக ஊற்றுவதில்லை. சில நிமிடங்களுக்கு ஒரு தடவை துடிப்புத் துடிப்பாக விடுகிறது. அலையின் உச்சியில் ஊசி ஏறினால் ஒரு எண், தாழ்வில் ஏறினால் வேறு எண். அதனால்தான் முறையாகச் செய்கிறவர்கள் ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று தடவை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே இரண்டாம் தசம இடத்தைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டாம். கதிரைக்காரரின் இன்சுலின் 19க்குப் பதில் 15 என்று வந்திருந்தாலும் ஹோமா 3.48, செய்தி மாறவில்லை. 2.3க்கும் 2.6க்கும் உள்ள வித்தியாசத்தில் மட்டும் பெரிய செய்தி தேடாதீர்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இரவு முழுக்கச் சாப்பிடாதபோது இரத்தத்துக்குச் சீனியை விடுவது பெரும்பாலும் ஈரல். ஆக, வெறும் வயிற்று எண்கள் அதிகம் சொல்வது ஈரலின் காதைப் பற்றி. சாப்பிட்ட பிறகு சீனியை அள்ளுவது தசை. தசை மந்தமாகி ஈரல் ஓரளவு நன்றாக இருக்கிற ஒருவருக்கு இந்தக் கணக்கு முழுக்கதையையும் சொல்லாது. உண்மையான அளவுகோல் 1979 இல் டிஃப்ரொன்சோவும் அவருடைய சகாக்களும் விவரித்த கிளாம்ப் முறை. இன்சுலினையும் குளுக்கோஸையும் நரம்பு வழியாக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஏற்றி, சீனியை ஒரே மட்டத்தில் வைக்க எவ்வளவு குளுக்கோஸ் தேவைப்படுகிறது என்று பார்ப்பார்கள். அது ஆராய்ச்சிக்கூட வேலை. நம்முடைய கணக்குகள் எல்லாம் அதற்குப் பதிலாக நிற்கும் நிழல்கள்.

குவிக்கி பற்றி இரண்டு வரி

இதுவும் இன்சுலின் உணர்திறனைக் கணிக்கும் ஒரு சுட்டி, 2000 இல் அமெரிக்காவில் வந்தது. இன்சுலினின் லொக், சீனியின் லொக் இரண்டையும் கூட்டி, 1ஐ அதனால் வகுக்க வேண்டும். இங்கே மற்றப் பொத்தான், "லொக்". வயல்காரருக்கு 0.374, கதிரைக்காரருக்கு 0.308. இது தலைகீழ்: எண் குறையக் குறைய எதிர்ப்பு கூட. முதல் ஆய்வில் எடை சரியானவர்களின் சராசரி 0.38 அளவிலும், பருமனானவர்களுடையது 0.33 அளவிலும், நீரிழிவுக்காரர்களுடையது 0.30 அளவிலும் இருந்தது. ஹோமா போட்டவர்களுக்கு இது புதிதாக ஒன்றும் சொல்லாது, அதே இரண்டு எண்ணைத்தான் வேறு விதமாகச் சுற்றித் தருகிறது.

ஏழாம் படி: பொறி ஒன்று இருக்கிறது

மெலிந்த ஒருவர் வருகிறார். சீனி 168, இன்சுலின் 4. கணக்கைப் போடுங்கள்: 168 × 4 ÷ 405 = 1.66. ஹோமா நல்லதாகத் தெரிகிறது! இதை வைத்து "உணர்திறன் நல்லம், பயமில்லை" என்று வீட்டில் இருந்துவிட்டால் ஆபத்து. இங்கே குரலே அடைத்துவிட்டது. சீனி 168 இருக்கும்போது சதையி கத்தியிருக்க வேண்டும், 4 அலகுதான் வருகிறது. எடை இறங்குவது, அடிக்கடி சிறுநீர், தீராத தாகம் இவற்றில் எதுவும் கூட இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் சேர்ந்தால் இரவென்றும் பார்க்க வேண்டாம்.

ஹோமாவைத் தனியாக வாசிக்கக்கூடாது, சீனியைப் பக்கத்தில் வைத்தே வாசிக்க வேண்டும். சீனி 100க்குக் கீழ், ஹோமாவும் குறைவு என்றால் நல்ல செய்தி. சீனி நோர்மல், ஹோமா கூட என்றால் குரல் இன்னும் தாங்குகிறது, செய்யவேண்டியதைச் செய்ய இதுவே நல்ல நேரம். சீனி கூட, ஹோமா குறைவு என்றால் டொக்டர்.

எட்டாம் படி: நாடாவும் கண்ணாடியும்

இரத்தம் சொன்னதை உடம்பிடமும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். தையல் நாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்ட முடிவில், நாடா இறுகாமல் அளக்க வேண்டும். சாரம் கட்டும் இடத்தில் அளந்தால் பிழைக்கும், பலருக்கு வயிறு அதற்கு மேலேதான் தள்ளி நிற்கிறது. தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்பதே எல்லை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கும் உடம்பு எங்களிடம் அதிகம். நிறை சரியாக இருக்கிறது என்று இருந்துவிடக்கூடாது.

அப்புறம் கழுத்து. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஊத்தை என்று நினைத்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் கழுத்தைப் பீர்க்கங்கூட்டால் தோல் உரியத் தேய்த்த ஒரு தாயை எனக்குத் தெரியும். பிள்ளை அழுதுகொண்டே வந்தாள். அது ஊத்தை இல்லை. இன்சுலின் கூடுதலாக ஓடும்போது தோல் கலங்கள் பெருகுவதால் வருவது, தேய்த்தால் போகாது. குமர்ப்பிள்ளைகளுக்கு மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்து, முகத்தில் முடியும் வளர்ந்தால் அதையும் சேர்த்து டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் படி: தாளை எங்கே கொண்டுபோவது

எண்கள் கூடுதலாக வந்தால் அது நோய் என்ற தீர்ப்பு இல்லை, அடுத்த கேள்வியைக் கேட்பதற்கான காரணம். உங்கள் டொக்டரிடம் அல்லது பக்கத்து அரச வைத்தியசாலை கிளினிக்கில் காட்டுங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலத்தில் பார்க்கும் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள், தசையின் கதை அதில் தெரியும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யும் பார்க்கலாம், ஆனால் இரத்தச்சோகை உள்ளவர்களுக்கும் தலசீமியாக் குடும்பங்களுக்கும் அது பிழையாகக் காட்டக்கூடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறதா என்பதையும் கேட்டு வையுங்கள்.

இலங்கையில் 2005–2006 இல் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில்தான் நடந்தது, யுத்தத்தால் வடக்கும் கிழக்கும் அதில் சேரவில்லை. எங்கள் ஆட்களுடைய எண் அந்தத் தாளில் இல்லை. அதனாலேயே உங்கள் வீட்டு எண்ணை நீங்கள் எழுதி வைப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

திருப்ப முடியுமா என்றால், முடியும். அமெரிக்காவில் 2002 இல் முடிவு வந்த ஆய்வில், நிறையில் 7 வீதம் குறைத்து, வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கச் சொன்னவர்களிடம் நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. எங்களுக்குக் கிட்டிய ஆட்களிடம், சென்னையை மையமாகக் கொண்டு செய்து 2006 இல் வந்த இந்திய ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றத்தால் 28.5 வீதம் குறைந்தது. பெரிய தொகை. இரவுச் சோற்றைப் பாதியாக்கி கீரை, பருப்பு, மீனைக் கூட்டுவது, சாப்பிட்டுவிட்டுக் கல்லடிப் பாலம் வரைக்கும் ஒரு நடை, தேத்தண்ணிக்குச் சீனியை வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் இறக்குவது என்று தொடங்கலாம். ட்ரைகிளிசரைட்தான் முதலில் அசையும், சில வாரங்களிலேயே.

மறுபடி பார்ப்பது மூன்று முதல் ஆறு மாதத்துக்குப் பிறகு. அதே ஆய்வுகூடம், அதே மணி, அதே அளவு வெறும் வயிறு. கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, திகதி, எத்தனை மணித்தியாலம் சாப்பிடவில்லை, சீனி, ட்ரைகிளிசரைட், எச்.டி.எல், இன்சுலின், இடுப்பளவு என்று நிரல் எழுதுங்கள். கடைசி நிரலில் அந்த வாரம் காய்ச்சலா, கலியாண வீடா, நித்திரை இல்லையா என்று ஒரு சொல். அடுத்த தடவை டொக்டர் "முந்தி எப்படி இருந்தது?" என்று கேட்கும்போது அந்தப் பக்கத்தை விரித்து அவருக்கு முன்னால் வையுங்கள்.